நான்கு துளை ரப்பரும் இரண்டு நூல் போல்ட்டும்

மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேப்பின் முகப்பில் உள்ள இரண்டு சிறிய திருகுகளைக் கழற்றினால், முதலில் ஒரு தகட்டு மூடி, அதன் பின்னே அலைபோல் வளைந்த ஒரு ஸ்பிரிங் வாஷர், அடுத்து நாம் திருகும் கைப்பிடி, எல்லாவற்றுக்கும் அடியில் நான்கு துளைகள் இட்ட ஒரு கறுப்பு ரப்பர் வில்லை என்று வரிசையாக வெளியே வரும். ஆன், ஆஃப், ரிசர்வ் என்று திருகும்போது கைப்பிடியின் உட்புறத்திலுள்ள பள்ளம் இந்த ரப்பரின் எந்தத் துளையை எந்தத் துளையோடு சேர்க்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பெட்ரோல் வழி மாறுகிறது. அந்த ரப்பர் இறுகி வெடித்துவிட்டால் டேப் மூடியிருந்தாலும் கசிவு நிற்காது. அப்பா 1999-இல் வாங்கி எனக்கு விட்டுச்சென்ற நூறு சிசி வண்டிக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் நேர்ந்தது அதுதான். காலையில் திண்ணையோரம் நின்ற வண்டியின் அடியில் மண் நனைந்திருந்தது. பெட்ரோல் வாடை அடுக்களை வரைக்கும் வந்துவிட்டது.

வண்டி நிறுவனத்தின் விற்பனை நிலையத்தில், உதிரிபாகப் பிரிவில் இருந்த இளைஞர் மிகவும் பணிவாகத்தான் பேசினார். ரப்பரை மட்டும் தனியாகத் தருவதில்லை, டேப்பை முழு அசெம்பிளியாகத்தான் வாங்க வேண்டும், அதுவும் கையிருப்பில் இல்லை, முன்பணம் கட்டினால் ஐந்து நாளில் வரும் என்றார். விலை 480 ரூபாய். வில்லை ஒன்று வெடித்ததற்கு டேப்பையே மாற்றுவது, வாளியின் கைப்பிடி கழன்றதற்குக் கிணற்றையே தூர்ப்பது போல எனக்குப் பட்டதால், முன்பணம் கட்டாமல் திரும்பிவிட்டேன்.

அடுத்து நான் செய்தது முட்டாள்தனம். பழைய சைக்கிள் ட்யூப் ஒன்றை எடுத்து, வெடித்த வில்லையை அதன்மேல் வைத்துப் பேனாவால் வரைந்து, கத்தரித்து, பெல்ட்டில் துளையிடும் கருவியால் நான்கு துளைகளும் போட்டுப் பொருத்தினேன். அன்று மாலை ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. மூன்றாம் நாள் டேப்பைத் திருகவே முடியவில்லை. கழற்றிப் பார்த்தால், ட்யூப் ரப்பர் ஊறிப் பருத்து, மழையில் நனைந்த அப்பளம்போல் நெளிந்து, துளைகள் பாதி அடைத்துக் கிடந்தன. ட்யூப்புகளுக்குப் பயன்படும் பியூட்டைல் ரப்பர் காற்றை நன்றாகப் பிடித்து நிறுத்தும். பெட்ரோல் பட்டால் ஊறிவிடும். எண்ணெயும் பெட்ரோலும் படும் இடங்களுக்கு நைட்ரைல் என்னும் வேறு வகை ரப்பர் வேண்டும். கண்ணுக்கு இரண்டும் ஒரே கறுப்புதான்.

கடைசியில் அந்த வெடித்த வில்லையைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கும்பகோணத்தில் ஒரு குறுகிய உதிரிபாகக் கடைக்குப் போனேன். கடைக்கார ஐயா வண்டியின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. வில்லையை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்தார். ஏறத்தாழ ஒரே மாதிரித் தெரிந்த முப்பது நாற்பது வில்லைகளை ஒவ்வொன்றாக என் வில்லையின் மேல் ஒட்டவைத்து, துளைக்குத் துளை வெளிச்சம் தெரிகிறதா என்று மேலே தூக்கிப் பார்த்தார். ஏழாவதோ எட்டாவதோ பொருந்தியது. அது வேறொரு நிறுவனத்தின் வேறொரு வண்டிக்கு உரியது; விலை 15 ரூபாய். "பேரைச் சொல்லிக் கேட்டா இல்லைன்னுதான் தம்பி சொல்லுவாங்க. சாமானைக் காட்டிக் கேளுங்க" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தைத்தான் இரண்டு ஆண்டுகளாகப் பலவிதங்களில் சோதித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வண்டியின் பெயர் விற்பவருக்கு வேண்டியது. வண்டிக்குள் இருக்கும் சின்னச் சாமானுக்கு அந்தப் பெயர் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் உள்விட்டம், வெளிவிட்டம், கனம், மரையின் இடைவெளி, எந்தப் பொருளால் ஆனது என்பவை மட்டுமே. இவற்றைச் சொல்லிக் கேட்கத் தெரிந்துவிட்டால், உற்பத்தி நின்றுபோன வண்டிக்கும் சாமான் கிடைக்கும். விலையும் பாதிக்குக் கீழே இறங்கும். அதற்காக நான் செய்த ஒரே பெரிய செலவு, விட்டத்தையும் கனத்தையும் நுட்பமாக அளக்கும் ஒரு வெர்னியர் காலிப்பர்.

பேரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். முன் சக்கரம் உறுமத் தொடங்கினால் பேரிங் போய்விட்டது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் பழைய பேரிங்கின் விளிம்பைத் துணியால் துடைத்தால் தெரியும் நான்கு இலக்க எண்ணைப் படிப்பவர்கள் குறைவு. 6202 என்று இருந்தால், 62 என்பது அதன் வரிசை. கடைசி இரண்டு இலக்கங்கள் உள்விட்டத்தைச் சொல்கின்றன. 00 என்றால் 10 மில்லிமீட்டர், 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. 04 முதல் அந்த எண்ணை ஐந்தால் பெருக்கினால் போதும், 04 என்றால் 20, 05 என்றால் 25. 6202-இன் வெளிவிட்டம் 35, கனம் 11. உலகில் எங்கே யார் செய்தாலும் 6202 இந்த அளவில்தான் இருக்கும். வீட்டு மேற்கூரை மின்விசிறிகள் பலவற்றில் சுழல்வதும் இதே 6202தான். ஆகவே வண்டிக் கடையில் இல்லையென்றால், மோட்டார் காயில் கட்டும் கடைக்கோ, பம்புசெட்டுச் சாமான் விற்கும் கடைக்கோ போகலாம். டெல்டாவில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை இல்லாத ஊர் உண்டு. பம்புசெட்டு மெக்கானிக் இல்லாத ஊரை நான் பார்த்ததில்லை.

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளையும் கவனிக்க வேண்டும். இசட் இசட் என்றால் இருபுறமும் தகட்டு மூடி. 2ஆர்எஸ் என்றால் இருபுறமும் ரப்பர் மூடி. மேட்டு நிலத்தில் ஓட்டுபவர்களுக்குத் தகட்டு மூடி போதுமாக இருக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் வாய்க்கால் வழிந்து சாலையின் குறுக்கே ஓடும்போது அதற்குள் இறங்கி ஏறவேண்டிய எங்களுக்கு ரப்பர் மூடிதான் சரி. தகட்டு மூடி போட்ட பேரிங் ஒன்று அடுத்த பொங்கலுக்குள் துருப்பிடித்து மீண்டும் உறுமியதைப் பார்த்த பிறகு சொல்கிறேன்.

தண்டைச் சுற்றி ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலிலும் இதே கதைதான். அதன் முகத்தில் 20, 35, 7 என்பதுபோல் மூன்று எண்கள் இருக்கும். தண்டின் விட்டம், பொருந்தும் துளையின் விட்டம், கனம். எண் அழிந்திருந்தால் சீலை அளப்பதைவிட, அது உட்காரும் துளையையும் தண்டையும் அளப்பதே நல்லது, ஏனென்றால் பழைய சீலின் உதடு தேய்ந்து அகன்றிருக்கும்.

உதிரிபாக எண்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஹோண்டா வழியில் வந்த வண்டிகளின் பாக எண்கள் பார்ப்பதற்கு மந்திரம்போல் இருந்தாலும், அவற்றில் பல வெளிப்படையாகவே பேசுகின்றன. 95701-06020 என்று தொடங்கும் எண், தலையோடு வாஷர்போன்ற விளிம்பும் சேர்ந்த ஒரு ஃப்ளேஞ்ச் போல்ட்டு. 06 என்பது 6 மில்லிமீட்டர் தடிமன், 020 என்பது 20 மில்லிமீட்டர் நீளம். 94001-06 என்றால் அதற்கான நட்டு. 96100-க்குப் பிறகு 6202 என்று வந்தால் அது நாம் மேலே பார்த்த அதே பேரிங். இப்படிப் பொது அளவில் உள்ள பொருள், நிறுவனப் பொட்டலத்தில் ஒரு விலை, போல்ட்டு நட்டுக் கடையில் ஒரு விலை. இப்படிப் பொது அளவில் இல்லாத பாகங்களின் எண்ணில், நடுவில் வரும் மூன்று எழுத்துகளோ இலக்கங்களோ, அந்தப் பாகம் முதன்முதலில் எந்த வண்டிக்காக வரையப்பட்டது என்பதைக் காட்டும். அதைப் பார்த்தால் நம் வண்டியின் பாகம் இன்னும் எந்த வண்டிகளில் ஓடுகிறது என்று ஊகிக்கலாம்.

போல்ட்டு வாங்கும்போது எங்கள் பக்கத்தில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. கிராமத்து ஹார்டுவேர் கடைகள் கேட்டுக்கும் கதவுக்கும் டிராக்டர் பெட்டிக்கும் சாமான் விற்பவை. அங்கே கணக்கு இன்னும் அங்குலத்தில்தான், அதிலும் நூல் கணக்கில். எட்டு நூல் ஒரு அங்குலம். கால் அங்குல போல்ட்டை 'ரெண்டு நூல் போல்ட்டு' என்பார்கள். அதன் தடிமன் 6.35 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு இருபது மரை. நம் வண்டியில் இருப்பது 6 மில்லிமீட்டர், மரைக்கு மரை ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. கையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பிபோல் இருக்கும். ரெண்டு நூல் போல்ட்டை என்ஜின் மூடியில் வைத்துத் திருகினால் முதல் ஒன்றிரண்டு சுற்று போகும், பிறகு இறுகும். இறுகுகிறதே என்று ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் அலுமினியத்தில் உள்ள மரை முழுவதும் தூளாகிக் கொட்டிவிடும். மூன்று ரூபாய் போல்ட்டுக்குப் பதில், துளையைப் பெரிதாக்கி மரை எடுக்க 150 ரூபாய் கொடுத்தேன். கையால் திருகி முழுவதும் இறங்காத போல்ட்டு நம் வீட்டுப் போல்ட்டு அல்ல என்பதை அதற்குப் பிறகு மறந்ததில்லை. சில யமஹா வண்டிகளில் வலப்பக்கக் கண்ணாடிக்கு இடமரை இருக்கும் என்பது வேறு கதை. பக்கத்து வீட்டுப் பையன் அதை எதிர்த்திசையில் திருகியே உடைத்தான்.

இனி, எந்தக் கடையிலும் கிடைக்காத சாமான். சென்ற ஆண்டு குறுவை அறுவடை நேரத்தில், என் வண்டியின் கிளட்ச் கேபிள் வந்து மாட்டும் கையின் தண்டு, அது நுழையும் கிளட்ச் கவரின் துளையைத் தேய்த்து முட்டை வடிவாக்கிவிட்டது. தண்டு ஆடியது, அதைச் சுற்றி ஆயில் வழிந்தது, கிளட்ச் பிடித்தால் ஒருமுறை விட்டது, ஒருமுறை விடவில்லை. எத்தனை ஆயில் சீல் மாற்றினாலும் துளை வட்டமாக இல்லாதபோது ஆயில் நிற்காது. புதிய கவர் 1,400 ரூபாய். துளைக்குள் ஒரு புஷ், அதாவது தண்டைத் தாங்கும் ஓர் உலோக வளையம், அடித்தால் போதும் என்று என் மெக்கானிக் சொன்னார். அடிக்கத் தன்னிடம் கருவி இல்லை என்றும் சொன்னார்.

எங்கள் ஊரிலிருந்து கும்பகோணம் போகும் வழியில்தான் நாச்சியார்கோவில் இருக்கிறது. குத்துவிளக்குக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கே விளக்கு முழுதாக ஒரே வார்ப்பில் பிறப்பதில்லை. அடிப்பாகம், தண்டு, தட்டு, பிரபை என்று தனித்தனியாக வார்த்து, கடைசல் பிடித்து, மரை வெட்டி, ஒன்றில் ஒன்றைத் திருகிச் சேர்க்கிறார்கள். மரையும் கடைசலும் தெரிந்த ஊரில் ஒரு சின்னப் பித்தளைப் புஷ் கடைந்து தர மாட்டார்களா என்ற எண்ணத்தில் ஒரு பட்டறைக்குள் நுழைந்தேன். கடைசலில் இருந்த அண்ணன் விளக்குத் தண்டை நிறுத்தாமலேயே நான் சொன்னதைக் கேட்டார். சுருள்சுருளாகப் பித்தளைச் சீவல் அவர் மடியில் விழுந்துகொண்டிருந்தது. பிறகு கவரை வாங்கித் துளையில் விரலை விட்டுச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"கடைஞ்சு தர்றது அஞ்சு நிமிஷ வேலைதான் தம்பி. ஆனா இது வெளக்குக்கு ஊத்துற பித்தளை. மினுக்குனா பளபளன்னு இருக்கும், தேய்ச்சா நிக்காது. நீங்க கன்மெட்டல்ல போடுங்க. பம்புசெட்டு லேத்துக்காரங்ககிட்ட கெடக்கும்."

வேலை வேண்டாம் என்று சொன்னவருக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். கன்மெட்டல் என்பது வெண்கலத்தின் வகை, செம்போடு வெள்ளீயம் சேர்ந்தது. இரும்புத் தண்டு நாள் முழுவதும் உரசினாலும் தாங்கும் என்பதால்தான் பம்புகளின் புஷ்களை அதில் செய்கிறார்கள். நான் பல ஆண்டுகளாக இரண்டையும் ஒரே உலோகத்தின் இரண்டு நிறங்கள் என்று எண்ணியிருந்தேன். வெண்கலத்தில் கடவுளை வார்க்கும் சுவாமிமலை சில மைல் தொலைவில் இருந்தும் எனக்கு அது உறைக்கவில்லை.

கும்பகோணத்தில் லேத் வைத்திருந்தவர், பம்பு புஷ்ஷுக்கு வெட்டியதுபோக மிஞ்சிய கன்மெட்டல் துண்டு ஒன்றைத் தேடி எடுத்தார். கடைவதற்கு ஆன நேரம் சிறிது. கவரைப் பிடிப்புக்குள் நேராக நிறுத்துவதற்கு ஆன நேரமே பெரிது. துளை தேய்ந்திருப்பது ஒரு பக்கமாக. அந்தத் தேய்ந்த துளையையே மையமாகக் கொண்டு பெரிதாக்கினால் தண்டு சாய்ந்துதான் நிற்கும். ஆகவே தேயாமல் இருந்த அடிப்பகுதியை மையமாக வைத்து, முள் கடிகாரம்போன்ற ஓர் அளவுகருவியை அதில் தொடவிட்டு, முள் அசையாமல் நிற்கும் வரை சுத்தியலால் செல்லமாகத் தட்டித் தட்டி நகர்த்தினார். துளையை மூன்று மில்லிமீட்டர் பெரிதாக்கினார். புஷ்ஷைத் துளையைவிட மயிரிழை அதிகமாகக் கடைந்தார். பிறகு கவரை, நசுங்கிய ஓர் அலுமினியச் சட்டியில் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீருக்குள் போட்டுவிட்டு எனக்கு டீ வாங்கிவரச் சொன்னார். நான் டீயோடு வந்தபோது கவரைக் கொறடால் எடுத்து, துடைத்து, புஷ்ஷை வைத்து ஒரே தட்டுத் தட்டினார். சூட்டில் விரிந்திருந்த அலுமினியம் ஆறியதும் புஷ்ஷைக் கவ்விக்கொண்டது. உள்துளையைக் கடைசியாகச் சீவி, தண்டை நுழைத்து என் கையில் தந்தார். தண்டு தன் எடையிலேயே மெல்ல இறங்கியது. 250 ரூபாய். ஓர் ஆண்டுக்கும் மேல் ஆகிவிட்டது, அந்த இடத்தில் தூசிதான் படிகிறது.

சைடு பேனலை வண்டியோடு மாட்டும் காதுகள் உடைந்தால் செய்வதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பேனலின் உட்புறத்தில் ஏபிஎஸ் என்று அச்சாகியிருந்தால், அதே வகைப் பிளாஸ்டிக் துண்டுகளை அசிட்டோனில் ஊறவைத்துக் கூழாக்கி, உடைந்த காதை அதனால் ஒட்டி, ஒரு நாள் முழுதும் காயவிட்டால் நன்றாகப் பிடிக்கும். பிபி என்று இருந்தால் அசிட்டோன் அதை ஒன்றும் செய்யாது. ஸ்டேப்ளர் ஊசியைச் சூடாக்கிப் பதித்துத் தைப்பதுதான் வழி.

இவ்வளவு சிக்கனம் பேசுகிறவன் எங்கே சிக்கனம் பார்ப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரேக் ஷூ, பிரேக் கேபிள், சக்கர அச்சு, அதன் நட்டு ஆகியவற்றைப் பொட்டலம் பிரிக்காமல், பில்லோடு வாங்குகிறேன். அச்சு நட்டில் நுழையும் பிளவு ஊசிக்குப் பதிலாகக் கட்டுக்கம்பியை முறுக்கி விட்டிருக்கும் வண்டிகளை, நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு போகும் நிலையில், ஒவ்வோர் அறுவடையிலும் பார்க்கிறேன். அந்த ஊசியின் விலை ஒரு டீயைவிடக் குறைவு. செயினின் இரு முனைகளையும் சேர்க்கும் இணைப்பின் செயின் லாக்கும் அப்படித்தான். லாக்கின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். திறந்த முனை முன்னால் இருந்தால், எதிலாவது பட்டு அது கழன்றுகொள்ளும். சாலையில் வைக்கோலைக் காயப்போட்டிருக்கும் நாட்களில் அது செயினில் சுற்றி இழுக்கும் இழுப்பை அனுபவித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பழைய வண்டிகளை உடைத்து விற்பதற்குச் சென்னையில் புதுப்பேட்டை இருக்கிறது. எங்களுக்கு அப்படி ஒரே இடம் கிடையாது. சாலையோரப் பழைய இரும்புக் கடைகள்தான். அங்கே நமக்கு வேண்டியது என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் தேவைப்படும்போது தேடாமல், போகிற வழியில் எட்டிப் பார்ப்பதே என் பழக்கம். அலுமினியப் பாகங்களும் விளக்கு வளையங்களும் அங்கே நன்றாகக் கிடைக்கின்றன. ரப்பரும் பேரிங்கும் எவ்வளவு மலிவானாலும் எடுப்பதில்லை. என்ஜின் எண் உள்ள பாகத்தை யார் கொடுத்தாலும் தொடுவதில்லை.

இப்போது மீதமிருப்பது கிலோமீட்டர் கணக்கு. முள் சரியாகத்தான் ஆடுகிறது; எண்கள் மட்டும் 71,438-இல் நின்றுவிட்டன. மீட்டரைப் பிரித்தால் உள்ளே ஒரு வெள்ளை நைலான் பல்சக்கரம், நடுவில் மயிர்க்கோடுபோல் வெடித்து, தண்டின் மேல் வழுக்கிச் சுற்றிக்கொண்டிருக்கிறது. முழு மீட்டரை வாங்க மனமில்லை. மன்னார்குடியில் ஒரு காலத்தில் டேப் ரெக்கார்டர் பழுதுபார்த்து, இப்போது கைப்பேசிக்கு மாறிவிட்ட ஒருவரிடம், செத்துப்போன டேப் ரெக்கார்டர்களின் பல்சக்கரங்கள் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய இருக்கின்றன என்று கேள்விப்பட்டுப் போன வாரம் போயிருந்தேன். இருவருமாகச் செய்தித்தாளில் கொட்டி ஒரு மணி நேரம் தேடினோம். தண்டுத் துளை சரி, கனம் சரி, பல்லின் பருமனும் சரி என்று ஒன்று அகப்பட்டது. என்னுடையது பதினெட்டுப் பல். எண்ணிப் பார்த்தால் இதில் பத்தொன்பது.

"ஒரு பல்லுதானே சார், யாரு எண்ணப் போறா?" என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். நூறு கிலோமீட்டர் ஓடினால் தொண்ணூற்று ஐந்துகூடக் காட்டாது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்; பல் ஒன்று கூடியதால் சக்கரமும் ஒரு சுற்றுப் பெரியது, பக்கத்துச் சக்கரத்தோடு நெருக்கிப் பிடிக்கும், அச்சை அரை மயிரளவு தள்ளிவைக்க மீட்டருக்குள் இடம் இருக்கிறதா என்பதைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். இப்போதைக்கு அது அந்த நான்கு துளை ரப்பர் வந்த காகிதத்திலேயே மடிந்து, வெர்னியர் பெட்டிக்குள் இருக்கிறது.